பாலிசியும் லாட்டரியும்

சிவகாசியில் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்யும் பயராபீஸ், அச்சாபீஸ், எதில் வேலை பார்த்தாலும் அதுதான் வழக்கம். நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகச் சுற்றிய காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த மாதம் வருமானம் போச்சு. கூலி கடைத்தெருவில் கரைவதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். அதே நினைப்போடு இன்னொருவரும் கிளம்பியிருப்பார். சைக்கிள் ஹேண்டில்பாரில் அட்டையைக் கட்டி, அதில் லாட்டரிச் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருவார். எங்கள் இருவருக்கும் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான்.

புது ஏஜெண்டுகளுக்குப் பாடம் எடுத்த அதிகாரி ஒருவர், லாட்டரி வாங்குகிறவன் வீட்டுப் பக்கமே போகாதீர்கள், அவனுக்கு நாளையைப் பற்றிய கவலை கிடையாது என்பார். எங்கள் ஊரில் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் தொழில் நடந்திருக்காது. ஒழுங்காகத் தவணை கட்டியவர்களில் லாட்டரி வாங்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மிஷின்மேன் பாலிசிப் பத்திரத்தையும் அந்த வாரத்துச் சீட்டையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். சீட்டு உள்ளூர்ச் சரக்காகவும் இருந்திருக்கலாம். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடித்த சிவகாசி அச்சாபீஸ்கள் லாட்டரிச் சீட்டும் அடித்தன.

ஆபத்துக்குப் பயந்து காசு கொடுப்பது பாலிசி. ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது லாட்டரி. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அவரைப் புத்தியுள்ளவர் என்று சொல்லலாமா? பிற்பாடு தபால் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது இந்தக் கேள்வி பாடத்திலேயே வந்தது. நம்ம தெருச் சங்கதி சிகாகோ வரைக்கும் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து இதன் பழைய கதையைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

இந்த இரண்டு வியாபாரமும் ஒரு காலத்தில் ஒரே கடையில் நடந்தவை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் யார் உயிர் மீதும் யாரும் பாலிசி எடுக்கலாம். ஆள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, அறிமுகம்கூடத் தேவையில்லை. 1743இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் டெட்டிங்கன் போர்க்களத்துக்குப் போனபோது, அவர் உயிரோடு திரும்புவாரா என்பதன் மீது காபிக் கடைகளில் பாலிசி விற்றது. 100 பவுண்டுக்கு 25 பவுண்டு விலை. அரசாங்கமே லாட்டரி நடத்திய காலம் அது. குலுக்கல் பல நாள் நடக்கும். இன்றைக்கு இந்த எண் வரும், வராது என்று பந்தயம் கட்டுவார்கள். அந்தப் பந்தயத்துக்கு அவர்கள் வைத்த பெயரே இன்ஷூரன்ஸ். பக்கத்து நாடான பிரான்சில் ஆயுள் காப்பீட்டையே 1681ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று தடை செய்திருந்தது. மனித உயிருக்கு விலை வைப்பது சூதாட்டம் என்பது அங்கே எண்ணம்.

லண்டனில் இரண்டையும் பிரித்தது 1774ஆம் ஆண்டுச் சட்டம். யார் உயிர் போனால் உனக்கு நஷ்டமோ அவர் உயிர் மீதுதான் நீ பாலிசி எடுக்கலாம் என்றது. இன்றைக்கும் எங்கள் விண்ணப்பத்தில் நாமினி என்ன உறவு என்று கேட்பதற்குப் பின்னால் அந்தச் சட்டத்தின் நிழல் இருக்கிறது. இங்கே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அரசு அனுமதி இல்லாத லாட்டரியைக் குற்றமாக்கி தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவைச் சேர்த்திருந்தார்கள். இப்படித்தான் காப்பீடு கௌரவமான பக்கத்துக்கும் லாட்டரி அவமானத்தின் பக்கத்துக்கும் போயின. அரசாங்கம் நடத்தினால் மட்டும் லாட்டரிக்கு அவமானம் இல்லை.

அந்த லண்டன் சட்டத்துக்கு 36 வருஷம் முன்னால், 1738இல், டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை; யாரும் படிப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து சரக்கு வரவழைக்கும் வணிகர் ஒருவரை அதில் எடுத்துக்கொள்கிறார். சரக்கு 10,000 ரூபிள் பெறும். 100 கப்பலில் 5 மூழ்கும். அப்படியானால் நியாயமான பிரீமியம் 500 ரூபிள்; ஆனால் யாரும் 800க்குக் குறைந்து ஏற்பதில்லை. வணிகர் 800 கொடுக்கலாமா? அவரிடம் வேறே எவ்வளவு சொத்து இருக்கிறது என்று கேள், பிறகு சொல்கிறேன் என்கிறார் பெர்னூலி. 5,043 ரூபிளுக்குக் கீழே என்றால் கொடுக்கட்டும், மேலே என்றால் வேண்டாம். இல்லாதவனுக்கு ஒரு ரூபாயின் கனம் வேறு, இருப்பவனுக்கு வேறு என்பதுதான் கணக்கின் அடி.

அதே கட்டுரையில் ஒரு லாட்டரிச் சீட்டும் வருகிறது. பரம ஏழை ஒருவன் கைக்கு அது வந்து சேர்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் 20,000 டுகாட் விழும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அதை அவன் 9,000க்கு விற்றால் அறிவில்லாதவனா? இல்லை என்கிறார். அந்த விலைக்கு வாங்க மறுக்கும் பணக்காரன்தான் அறிவில்லாதவனாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெர்னூலி கணக்குப்படி ஏழை சீட்டை விற்க வேண்டும், பணக்காரன் வாங்க வேண்டும். எங்கள் தெருவில் ஆபீஸ் முதலாளி சீட்டை அடித்து அனுப்பினார், கூலிக்காரர் வாங்கினார்.

தமிழ்நாட்டில் அரசே லாட்டரி நடத்தத் தொடங்கியது 1968இல், அண்ணா ஆட்சியில். முந்தைய வருஷமே கேரளம் ஆரம்பித்திருந்தது. அங்கே சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. இங்கே ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் அந்த வாசகத்தை எழுந்து நின்று வணங்க வேண்டும். தோற்றவனுக்கும் ஒரு பெருமையைக் கொடுத்துவிட்டதே! காப்பீட்டுப் பக்கம் 1956 செப்டம்பர் 1 அன்று 245 கம்பெனிகளை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்திருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா கம்பெனிக்கென்று திட்டமிட்ட கட்டடம் 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறப்பு விழா கண்டது. செட்டியார் அதைப் பார்க்கவில்லை. 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஆக, எங்கள் தெருவுக்கு வந்த இரண்டு காகிதமும் அரசாங்கம் விற்றவை. ஒன்றில் மத்திய அரசு, எதிர்காலத்துக்குச் சேமி என்றது. இன்னொன்றில் மாநில அரசு, எதிர்காலத்தை இந்த வாரமே பார்த்துவிடு என்றது.

இனி சிகாகோ. மில்டன் ஃப்ரீட்மனும் லியனார்ட் சாவேஜும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். 1948இல் சிகாகோவிலிருந்து இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். காப்பீடும் லாட்டரியும் ஒரே ஆள் வாங்குவது உலகம் முழுக்க நடக்கிறது. அவரைப் பைத்தியம் என்று சொல்லாமல் விளக்க முடியுமா என்பதே கேள்வி. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் கணித அறிஞர் ஃபான் நாய்மனும் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டெர்னும் சில விதிகளை வகுத்திருந்தார்கள். ஒருவர் தேர்வுகள் தமக்குள் முரண்படாமல் இருந்தால் போதும், அவர் மனத்துக்குள் ஒரு பயன் வளைகோடு இருப்பதாகவும் அதன் சராசரியை அவர் கூட்டப் பார்ப்பதாகவும் சொல்லிவிடலாம். ஃப்ரீட்மனும் சாவேஜும் அந்தக் கோட்டை நடுவில் ஒருமுறை மேல்நோக்கி வளைத்தார்கள். கீழ்ப்பகுதியில் உள்ளதைக் காக்க பாலிசி. நடுப்பகுதியில் ஒரு படி தாண்ட லாட்டரி.

அந்த நடு வளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயராபீஸில் குழாய் உருட்டுகிறவர் கூலியில் மிச்சம் பிடித்து ஒருநாளும் முதலாளியாக முடியாது. ரெண்டு கிராம் தோடு வாங்கலாம், ஓட்டை மாற்றலாம். அதற்கு மேலே ஒரு பெரிய பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு ஆஃப்செட் மிஷின். சேமிப்புக்கு அங்கே போகும் வழி தெரியாது. லாட்டரிக்குத் தெரியும், கோடியில் ஒருவருக்கு. கட்டுரையில் அவர்களும் இதைத்தான் சொன்னார்கள்: ஒரு வர்க்கத்திலிருந்து அடுத்த வர்க்கத்துக்குத் தாண்டுவதன் மதிப்பு வேறு, இருக்கும் இடத்திலேயே கொஞ்சம் வசதியாவதன் மதிப்பு வேறு.

ஃப்ரீட்மனிடம் படித்த ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் இதில் ஓட்டை கண்டுபிடித்தார். இந்தக் கோடு உண்மையென்றால், இரண்டு வர்க்கத்துக்கும் நடுவில் நிற்கிறவர் மேலே போனாலும் கீழே போனாலும் சரியென்று நாணயம் சுண்டிப் பெரிய பந்தயம் வைக்க வேண்டுமே, அப்படி யாரையாவது பார்த்தீர்களா என்றார். மளிகைக் கடைக்காரர்தான் எங்கள் ஊரில் நடுவில் நிற்கிறவர். அவர் ஒரு ரூபாய்ச் சீட்டைத் தாண்டியதில்லை.

அதே 1952இல், மே மாதம், பாரிஸில் ஒரு மாநாடு நடந்தது. பொருள் ஆபத்தின் கோட்பாடு. ஃப்ரீட்மன், சாமுவெல்சன், ஆரோ, இத்தாலியின் டி ஃபினெட்டி, சாவேஜ் எல்லோரும் வந்திருந்தார்கள். பிரான்சுக்காரர் மோரிஸ் அலே, அமெரிக்கர்களின் விதிகளில் நம்பிக்கை இல்லாதவர். அவர் சாவேஜிடம் மதியச் சாப்பாட்டு வேளையில் இரண்டு கேள்வி கேட்டார். சாவேஜ் பிறகு தம் புத்தகத்தில் டாலரில் எழுதிய கணக்கையே தருகிறேன். முதல் கேள்வி: நிச்சயமாக 5 லட்சம் டாலர் வேண்டுமா? அல்லது 100இல் 10 வாய்ப்பு 25 லட்சம், 89 வாய்ப்பு 5 லட்சம், 1 வாய்ப்பு ஒன்றுமில்லை என்ற குலுக்கல் வேண்டுமா? இரண்டாம் கேள்வி: 100இல் 11 வாய்ப்பில் 5 லட்சம் வேண்டுமா? 100இல் 10 வாய்ப்பில் 25 லட்சம் வேண்டுமா?

முதலில் நிச்சயப் பணத்தையும் இரண்டாவதில் 25 லட்சத்தையும் எடுப்பவர்கள் நிறைய. சாவேஜும் அப்படித்தான் எடுத்தார். ஆனால் அவர் விதிப்படியே அது முரண். 100 சீட்டு அச்சடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 100 வரை உள்ள சீட்டுகளில், முதல் கேள்வியில் எதை எடுத்தாலும் 5 லட்சம், இரண்டாவதில் எதை எடுத்தாலும் பூஜ்யம். அதனால் அவற்றை ஒதுக்கிவிடலாம். மிச்சம் 11 சீட்டு. அந்த 11 சீட்டில் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான்: 11க்கும் 5 லட்சமா, அல்லது ஒன்றில் பூஜ்யமும் பத்தில் 25 லட்சமுமா? ஒரு இடத்தில் இப்படியும் இன்னொரு இடத்தில் அப்படியும் எடுக்க நியாயமில்லை.

1954இல் வெளிவந்த புத்தகத்தில் சாவேஜ் இதை மறைக்கவில்லை. முதலில் என் மனசு அப்படித்தான் போயிற்று என்று எழுதினார். பிறகு சீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டாவது கேள்வியில் என் தேர்வு பிழை, திருத்திக்கொண்டேன் என்றார். அலே ஒத்துக்கொள்ளவில்லை. 1953இல் எகனாமெட்ரிகா இதழில் பிரெஞ்சிலேயே நீளமாக எழுதினார். புத்தியுள்ள மனிதர்கள் நிதானமாக யோசித்தும் இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் பிழை மனிதர்களிடம் இல்லை, விதியிடம் என்பது அவர் கட்சி. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் அச்சாபீஸ் போர்மேனிடம் டீக்கடையில் இந்தக் கணக்கை ரூபாயில் மாற்றிக் கேட்டேன். அவரும் சாவேஜ் மாதிரியே முதலில் முரணாகச் சொன்னார். அவருக்குச் சீட்டு அச்சடித்துப் பழக்கம், எண் போடும் மிஷினே அவர் கையில். 11 சீட்டு விளக்கம் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மாற்றமாட்டேன் என்றார். “முதல் கேள்வில கையில இருக்குறத நானா தொலைச்சேன்னு ஆகும் அண்ணாச்சி. ரெண்டாவதுல எப்படியும் விழாதுன்னுதான் இருக்கேன். அதுல போனா போச்சு.” அவருக்குப் பூஜ்யம் என்பது இரண்டு இடத்தில் இரண்டு பூஜ்யம். தானே தொலைத்த பூஜ்யம் ஒன்று, வராமல் போன பூஜ்யம் ஒன்று. அதைக் கணக்கில் எழுதிவிட்டால் முரண் எங்கே? எழுதாமல் விட்டது சாவேஜ்தான் என்று எனக்குப் படுகிறது. சாவேஜின் சிஷ்யர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்படி ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் ஒரு பெயர் வைக்க ஆரம்பித்தால் எந்தத் தேர்வும் முரணாகாது, பிறகு விதி எதற்கு என்பார்கள். நல்ல கேள்விதான்.

முரண்பாடு கூடாது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெரிய மிரட்டல் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் ராம்சே 1926இல் எழுதிய கட்டுரையில் அதன் முளை இருக்கிறது. அவர் 26 வயதில் இறந்துபோனார். உன் நம்பிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், ஒரு கெட்டிக்காரப் பந்தயக்காரன் எது நடந்தாலும் உன் காசு அவனுக்கே வரும்படி பந்தயம் கட்டிவிடுவான் என்றார். பின்னால் வந்தவர்கள் இதைத் தேர்வுக்கும் நீட்டினார்கள். ஒருவனுக்கு இட்லியைவிடத் தோசை மேல், தோசையைவிடப் பூரி மேல், பூரியைவிட இட்லி மேல் என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து காலி பண்ணிவிடலாம்.

நிஜ வாழ்க்கையில் இப்படிக் காசை உறிஞ்சும் ஒரு பம்ப் ஓடி நான் பார்த்தது என் சொந்தத் தொழிலில்தான். எந்தக் கம்பெனி, எந்த ஏஜெண்ட் என்பதெல்லாம் வேண்டாம். பழைய பாலிசியை சரண்டர் பண்ணச் சொல்வார்கள்; சரண்டர் மதிப்பு கட்டியதைவிடக் குறைவாக இருக்கும். அந்தப் பணத்தில் புதுப் பாலிசி. ஏஜெண்டுக்கு முதல் வருஷக் கமிஷன்தான் கொழுத்தது, பிற்பாடு மெலிந்துவிடும். முதல் தவணையில் கொஞ்சம் நானே போட்டுத் தருகிறேன் என்பதும் உண்டு. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து அதே ஏஜெண்ட் வேறு திட்டத்தோடு வருவார். அப்படிக் காலியானவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஆசைகளில் ஒரு முரணும் இல்லை. பிள்ளைக்குப் படிப்பு, பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஆரம்பம் முதல் ஒரே பாட்டுத்தான். ஏஜெண்டை நம்பினார்கள், அவ்வளவே. ராம்சேயின் பந்தயக்காரன் முரண்பட்ட ஆளைத் தேடி அலைகிறான். எங்கள் ஊர் பந்தயக்காரனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். 1990களில் ஒரு நம்பர் லாட்டரி வந்தது. கடைசி எண் ஒன்று பொருந்தினால் பரிசு. பத்தில் ஒரு வாய்ப்பு. பத்து மடங்கு கொடுத்தால்தான் சரிக்குச் சரி, அதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். முடிவு அன்றன்றே தெரியும். கம்போசிங் வேலை பார்த்த ஒருவர் நாள் தவறாமல் 7 வாங்கினார். மழையானாலும், வீட்டில் விசேஷமானாலும் 7தான். என்னிடம் எடுத்த பாலிசி தவணை கட்டாமல் லேப்ஸ் ஆனது, மனைவியின் தோடு அடகுக்குப் போனது, 7 மட்டும் நிற்கவில்லை. எந்த விதியை வைத்துச் சோதித்தாலும் அவர் தேர்வில் ஒரு பிசகு காண முடியாது. லாட்டரியே பெரிது, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. நேற்றும் இன்றும் நாளையும். ஃபான் நாய்மன் வந்து பார்த்திருந்தால் அப்பழுக்கற்ற மனிதர் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பார்.

1979இல் உளவியல் அறிஞர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் இன்னொரு விளக்கம் சொன்னார்கள். மிகச் சிறிய வாய்ப்பை மனசு பெரிதாக எடைபோடுகிறது. அதனால்தான் லாட்டரி, அதனால்தான் காப்பீடும் என்றார்கள். லாட்டரிக்குச் சரி. பயராபீஸில் மருந்து கலக்கும் அறைக்குள் தினமும் போய் வருகிறவர் ஆபத்தை மிகைப்படுத்தி எடைபோட்டார் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

எனக்கு மிகவும் உதவியது அமர்த்தியா சென் 1993இல் அதே எகனாமெட்ரிகாவில் எழுதிய கட்டுரை. 1984இல் அவர் ஆற்றிய தலைமையுரையிலிருந்து வளர்ந்தது அது. தேர்வுகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுப்பவர் எதை நாடுகிறார் என்று வெளியே போய்க் கேட்காமல், இவை முரண், இவை முரணில்லை என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது என்கிறார். கூடையில் ஒரு ஆப்பிள்தான் இருக்கிறது. கடைசி ஆப்பிளை எடுப்பது மரியாதையில்லை என்று ஒருவர் விட்டுவிடுகிறார். இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். தாளில் பார்த்தால் முரண். பந்தியில் உட்கார்ந்து பார்த்தால் பண்பு. இன்னொரு உதாரணமும் தருகிறார். அதிகம் பழகாத ஒருவர் வீட்டுக்கு டீ சாப்பிட வா என்று கூப்பிட்டால் போகலாம். டீ சாப்பிடலாம், கொக்கைனும் இருக்கிறது என்று கூப்பிட்டால் டீக்கும் போகமாட்டோம். கூடுதலாக ஒரு வாய்ப்பு வந்ததே நமக்கு ஒரு சேதி.

இது எனக்கே நடந்தது. பயராபீஸ் தொழிலாளி ஒருவர் சாதாரண பாலிசிக்கு ஒத்துக்கொண்டார். ஃபாரத்தை நிரப்பும்போது, கொஞ்சம் கூடக் கட்டினால் விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை வரும்படியும் எழுதலாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நீங்களே அதை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கீகளா?” அதோடு சாதாரண பாலிசியும் போயிற்று. சென் சொல்லும் டீக்காரர் நிலைமை எனக்கு.

அந்த மிஷின்மேன் வீட்டுக்கு வருகிறேன், ஒரே தகரப் பெட்டிக்காரர். அவர் வீட்டம்மாவிடம் ஒருமுறை, லாட்டரிக் காசையும் இதில் சேர்த்தால் பாலிசியைப் பெரிதாக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். “பாலிசி புள்ளைகளுக்கு அண்ணாச்சி. லாட்டரி அவுகளுக்கு. ஒத்த ரூவாய்க்கு குலுக்கல் வரைக்கும் மனுசன் சிரிச்ச முகமா இருக்காக. அதையும் புடுங்கவா?” ஃப்ரீட்மனும் சாவேஜும் ஒரு ஆளின் வளைகோட்டைத் தேடினார்கள். பெட்டியில் இரண்டு காகிதம் இருந்தது நிஜம். ஆனால் முடிவெடுத்தவர்கள் இரண்டு பேர், மூன்றாவதாகப் பிள்ளைகளின் பங்கும் இருந்தது. லாட்டரிக்கான ரூபாய் பணக்காரனாவதற்கான விலை அல்ல என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குலுக்கல் வரைக்குமான நாட்களுக்குத்தான் அந்த விலை.

முரண்படாதே என்று சட்டமே ஓர் அரசாங்கத்திடம் சொன்ன கதையும் லாட்டரியில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தில் சூதாட்டம் மாநிலப் பட்டியலில் வருகிறது. அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில், 40ஆம் இனமாக. அதனால் சிக்கிமும் நாகாலாந்தும் இங்கே சீட்டு விற்றபோது தமிழ்நாடு தன்னிஷ்டத்துக்குத் தடுக்க முடியவில்லை. 1998இல் வந்த மத்தியச் சட்டம் ஒற்றை எண் பரிசைத் தடை செய்தது, ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல்தான் என்றது, வெளி மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. நீ லாட்டரி நடத்திக்கொண்டே அடுத்தவன் லாட்டரியைத் தடுக்கக் கூடாது. தடுக்க வேண்டுமானால் முதலில் உன் கடையை மூடு. 2003 ஜனவரியில் தமிழ்நாடு தன் லாட்டரியையும் சேர்த்து எல்லாவற்றையும் மூடியது. எங்கள் ஊர் அச்சாபீஸ்களுக்கு அது பெரிய அடி. சைக்கிள் லாட்டரிக்காரர் இளநீர் வியாபாரத்துக்குப் போனார்.

ஆக, அரசு முரணில்லாமல் நடந்துகொண்டது. அதே வருஷம் நவம்பரில் ஏலம் எடுத்த தனியாரிடமிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டு டாஸ்மாக் மூலம் நடத்த ஆரம்பித்தது. ஏழை வீட்டுக் காசு வீணாகக் கூடாது என்பதற்காக லாட்டரியை மூடினார்கள் என்றால் இந்த இரண்டு முடிவும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெளி மாநிலங்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் போகும் காசு நம் கஜானாவுக்கு வரட்டும் என்பதற்காக என்றால் இரண்டும் ஒரே முடிவு. கோப்பில் எது எழுதியிருந்தது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு முன்னால் வந்துவிடுகிற போட்டியாளர் மட்டும் மாறியிருந்தார். இந்தத் தடவை அவர் தெருவுக்கு வரவில்லை, தெருதான் அவர் கடைக்குப் போயிற்று. கலெக்‌ஷன் நேரத்தை நான் மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன்.